சொறி நாய் என்று விரட்டலாமா?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீட்டு நாய்களின் உடம்பு காய்வதே அரிது. அரிப்பு, புண், முடி கொட்டுதல் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'சொறி' ஒன்றுதான். உடனே நாயைத் தெருவுக்கு விரட்டிவிடுகிறோம்.

சொறியிலும் வகை உண்டு. சார்காப்டிஸ் என்னும் மிகச் சிறிய பூச்சி தோலைத் துளைத்து முட்டையிடும். காது ஓரமும் முழங்கையும் மொட்டையாகும். கொஞ்சி விளையாடும் நமக்கும் அரிப்பு தொற்றும். டெமோடெக்ஸ் பூச்சியோ மயிர்க்கால்களில் வாழ்வது. பெரும்பாலும் குட்டிகளை வாட்டும், நமக்குத் தொற்றாது. எந்தப் பூச்சி என்பதைக் கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார். தக்க மருந்து கொடுத்தால் சில வாரங்களில் முடி முளைக்கத் தொடங்கும்.

சிலர் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுகிறார்கள். நாய் அதை நக்காமல் இருக்குமா? அது நஞ்சல்லவா! மருந்தையும் நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. ஐவர்மெக்டினைத் தந்த கேம்பெல்லும் ஓமுராவும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் கோலி இன நாய்கள் பலவற்றுக்கு, சொறிக்குக் கொடுக்கும் அளவில் அது உயிருக்கே ஆபத்து.

உண்ணிக்கு நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. வயிறு புடைத்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அங்கேயும் மருந்தடிக்க வேண்டும்.