பனியாற்றுக்கு எல்லை வகுப்பது எப்படி?

இமயமலையின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் பனியாறுகளை வெண்மையாகவோ வெளிர்நீலமாகவோ தீட்டியிருப்பார்கள். ஆனால் கங்கையின் மூல நதிகளுள் ஒன்றான பாகீரதி பிறக்கும் கோமுகத்தில், கங்கோத்ரிப் பனியாற்றை நேரில் காண்பவர்கள் வியப்படைவார்கள். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பனியாற்றின் கீழ்ப்பகுதி வெண்மையாக இல்லை. கற்களும் மண்ணும் மூடிச் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. பக்கத்து மலைச்சரிவும் ஏறக்குறைய அதே நிறந்தான். அப்படியானால் பனியாறு எங்கே முடிகிறது? மலை எங்கே தொடங்குகிறது? வரைபடத்தில் கோட்டை எங்கே போடுவது?

பல ஆண்டுகளாகப் பெய்த வெண்பனி அழுந்திப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல நகர்வதைத்தான் பனியாறு என்கிறோம். அத்தகைய இடங்களுக்கெல்லாம் அளவுக் கருவிகளைச் சுமந்து ஏறிச் செல்வது எளிதன்று. ஆகவே விண்ணிலிருந்து அளக்கும் முறைகள் உருவாயின.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

2013-ஆம் ஆண்டு ஏவப்பட்ட லாண்ட்சாட்-8 செயற்கைக்கோள் சுமார் 705 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. அது ஒரே இடத்தைப் பல வகை ஒளியில் தனித்தனியே படமெடுக்கிறது. அவற்றுள் இரண்டை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி. மற்றொன்று, சுமார் 1.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள சிற்றலை அகச்சிவப்பு.

வெண்பனி பச்சை ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. சிற்றலை அகச்சிவப்பையோ பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. மேகமும் வெண்மைதான், ஆனால் அது இரண்டையுமே திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டை ஓர் எளிய கணக்காக்கலாம். பச்சையின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழியுங்கள். வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

எடுத்துக்காட்டாக, வெண்பனி பச்சையில் 0.80 பங்கும் அகச்சிவப்பில் 0.10 பங்கும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். விடை 0.78. மேகத்திற்கு 0.70, 0.60 என்றால் விடை 0.08. பாறைக்கு 0.20, 0.25 என்றால் விடை சுழியத்திற்கும் கீழே. பொதுவாக 0.4-க்கு மேற்பட்ட இடங்களைப் பனி என்று குறிப்பார்கள். ஏரி நீரும் சில வேளை இச்சோதனையில் தேறிவிடும். எனவே அண்மை அகச்சிவப்புப் படத்தையும் பார்ப்பார்கள். அதில் நீர் இருண்டு தெரியும், பனி பளிச்சிடும்.

எந்த மாதத்துப் படம் என்பதும் முக்கியம். அவ்வப்போது பெய்த புதுப்பனி உருகித் தீர்ந்து, மேகமும் குறைந்திருக்கும் பருவமே ஏற்றது. மத்திய இமயமலையில் அது மழைக்காலத்தின் முடிவு.

கல் போர்த்த பனி

கங்கோத்ரியின் கீழ்ப்பகுதியில் இந்தக் கணக்கு தோற்றுப்போகிறது. மேலே கிடப்பது கல். ஆகவே விடையும் "கல்" என்றே வரும். அதை நம்பிக் கோடு போட்டால், உண்மையான பனியாற்றில் பல கிலோமீட்டர் வரைபடத்திலிருந்து காணாமற் போய்விடும்! அதனைக் "கரைந்துபோன பனி" என்று தவறாகக் கணக்கிடவும் நேரும். உண்மையில் தடித்த கற்போர்வை அடியிலுள்ள பனி உருகுவதைக் குறைக்கிறது. மெல்லிய தூசுப் படலமோ வெயிலை ஈர்த்து அதனை விரைவாக்குகிறது.

இங்கேதான் உயர விவரம் துணைக்கு வருகிறது. பள்ளத்தாக்கின் சுவர்கள் செங்குத்தானவை. பனியாற்றின் நாக்குப் பகுதியோ மெல்லச் சரிவது. ஆகவே, நிறத்தால் கல்லாகவும், சரிவால் மென்மையாகவும், மேலேயுள்ள வெண்பனியோடு தொடர்ச்சியாகவும் உள்ள இடம் பெரும்பாலும் கல் போர்த்த பனியாகவே இருக்கும். பனியாற்றுக்குக் கீழே ஆறு பரப்பிய கூழாங்கல் வெளியும் மென்சரிவுதான். ஆகவே, அந்த இடம் நகர்கிறதா என்பதை அடுத்தடுத்த ஆண்டுப் படங்களில் ஒப்பிட்டு உறுதி செய்கிறார்கள்.

உயரத்தை அளப்பது எவ்வாறு?

கட்டைவிரலை முகத்திற்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தோன்றும். பக்கத்திலுள்ள பொருள் அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் நகரும். 2005 மே 5-இல் இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 இத்தத்துவத்தையே பயன்படுத்தியது. அதன் ஒரு காமிரா 26 பாகை முன்னோக்கியும், மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் பார்த்தன. இரு படங்களிலும் ஒரு சிகரம் எவ்வளவு இடம் மாறுகிறது என்பதிலிருந்து அதன் உயரம் கிடைக்கும்.

ராடார் அலைகளாலும் உயரத்தை அளக்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம், 60 மீட்டர் நீளக் கம்பத்தின் முனையில் இரண்டாவது அலைவாங்கியைப் பொருத்திக்கொண்டு, 11 நாட்களில் பூமியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியை அளந்தது. ஆனால் ராடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் ஊடுருவக்கூடும். அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும்.

வெவ்வேறு ஆண்டுகளின் உயரங்களைக் கழித்தால் பனியின் இழப்பும் தெரியும். ஒரு சதுர கிலோமீட்டர் பனிப்பரப்பு 20 ஆண்டுகளில் சராசரியாக 12 மீட்டர் தாழ்ந்திருப்பதாகக் கொள்வோம். இழப்பு 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர். கன மீட்டருக்கு 850 கிலோகிராம் என்று கொண்டால், அது சுமார் 1 கோடி கன மீட்டர் தண்ணீர். கழிப்பதற்கு முன், மாறாத பாறைகள் இரு அளவீடுகளிலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவசியம்.

ஓர் ஏரி தந்த பாடம்

வட சிக்கிமிலுள்ள தெற்கு லோனாக் பனியாறு பின்வாங்க, அதன் முன்னே ஓர் ஏரி உண்டாயிற்று. அது பெருகி வருவதைப் படங்கள் பல ஆண்டுகளாகக் காட்டின. 2023 செப்டம்பர் 28-இல் ஏரியின் பரப்பு சுமார் 167 ஹெக்டேர். அக்டோபர் 4-இல் ராடார் படத்தில் காணப்பட்டதோ சுமார் 60 ஹெக்டேர்தான்!

முந்தைய இரவில் ஏரியின் ஓரத்து மேடு, உறைந்த கல்லும் மண்ணுமாகச் சுமார் ஒன்றரைக் கோடி கன மீட்டர், நீருக்குள் சரிந்திருந்தது. எழுந்த பேரலை ஏரியின் இயற்கைக் கரையை உடைத்தது. வெள்ளம் சுங்தாங்கிலிருந்த தீஸ்தா-3 அணையை அடித்துச் சென்றது, பலர் உயிரிழந்தனர். அந்த ஓரத்து மேடு முன்பிருந்தே மெல்ல நகர்ந்து வந்ததைப் பழைய படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் பின்னர் கண்டனர்.

ஏரியின் பரப்பை மட்டும் பார்த்தால் ஆபத்தில் பாதியே தெரியும். அதற்கு மேலே நிற்கும் சரிவையும் அளந்தால்தான் மறுபாதி தெரியும். அதனால்தான் நிறம், உயரம் இரண்டையும் சேர்த்து வரைபடம் வரைகிறார்கள்.

கண்டுபிடியுங்கள்

கீழ்க்கண்ட இடங்களில் இருப்பது என்ன?

அ) பச்சை 0.75, சிற்றலை அகச்சிவப்பு 0.15, சரிவு 10 பாகை.
ஆ) பச்சை 0.18, சிற்றலை அகச்சிவப்பு 0.22, சரிவு 8 பாகை, மேலே வெண்பனியோடு தொடர்ச்சி, ஆண்டுதோறும் நகர்கிறது.
இ) பச்சை 0.18, சிற்றலை அகச்சிவப்பு 0.22, சரிவு 45 பாகை, நகர்வு இல்லை.

விடை: அ) வெண்பனி அல்லது பனிக்கட்டி. ஆ) கல் போர்த்த பனியாறு. இ) பாறைச்சுவர்.