ஆற்றுப்படுத்தும் கல்வி

நுழையும்முன்

பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையில் வாடும் கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் காட்டுவது ஆற்றுப்படை. அம்மரபின் பெயரை ஏந்திய இன்றைய பணியாளர் ஆற்றுப்படுத்துநர். போதைநோயால் வழிதவறியோரை வாழ்வை நோக்கித் திருப்பும் அப்பணிக்கு உரிய கல்வியையும் தகுதியையும் இப்பாடம் விளக்குகிறது.

அறிவுரை போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்களுள் ஒன்று மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வழியே செல்கிறது. கிழக்கே பாக் நீரிணை விரிந்து கிடக்கிறது. இத்தகைய ஊரில் ஒருவர் மதுவுக்கு அடிமையானால் அவர்தம் குடும்பம் யாரை நாடும்? உறவினர் கண்டிப்பர், பெரியோர் அறிவுரை கூறுவர், வழிபாட்டிடத்தில் உறுதிமொழி எடுக்கச் செய்வாரும் உண்டு. சில நாள்களில் அவர் மீண்டும் குடித்தால், ‘இவர் திருந்தமாட்டார்’ என்று கைவிடுவர்.

இங்குதான் ஓர் உண்மை மறைந்து நிற்கிறது. போதைக்கு அடிமையாதல் ஒழுக்கக்கேடு மட்டுமன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்ற நோயுமாகும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியன தோன்றலாம். உயிருக்கே இடர் நேரலாம். எனவே, ‘இன்றே நிறுத்து’ என்னும் நல்லெண்ண அறிவுரையும் மருத்துவத் துணையின்றிக் கூறப்பட்டால் தீங்காக முடியக்கூடும். எப்போது பேச வேண்டும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அறிந்தவரே ஆற்றுப்படுத்துநர்.

இழப்பில் எழுந்த பணி

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்தவர். அத்துயரோடு ஒடுங்கிவிடாமல், 1980 ஆம் ஆண்டு டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மருத்துவம், ஆற்றுப்படுத்தல், குடும்பத்தாருக்கு வழிகாட்டல் ஆகிய மூன்றையும் அந்நிறுவனம் இணைத்து வழங்கியது. 1992 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. துயரம் அவரைப் பணிக்கு அழைத்தது. ஆயினும், சமூகப்பணிக் கல்வியும் பயிற்சியுமே அப்பணியை நிலைநிறுத்தின.

தகுதியும் பதிவும்

மருத்துவருக்கு இருப்பதுபோல், போதைநோய் ஆற்றுப்படுத்துநருக்கு மட்டுமே உரிய தனி உரிமம் இந்தியாவில் நடைமுறைக்கு வரவில்லை. எனினும், மறுவாழ்வு மையங்கள் பட்டம் பெற்றவர்களையே, குறிப்பாகச் சமூகப்பணி அல்லது உளவியல் பயின்றவர்களையே இப்பணிக்கு விரும்புகின்றன. மருத்துவ உளவியலாளராக விளங்க விரும்புவோர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற படிப்பை முடித்து, அதன் மையப் பதிவேட்டில் பெயரைப் பதிதல் வேண்டும். உளவியல் முதுகலைக்குப்பின் ஈராண்டு ஆய்வியல் நிறைஞர் படிப்பே நெடுங்காலமாக இதற்கு அடிப்படையாக இருந்து வந்தது.

2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோயின் வரையறைக்குள் சேர்த்தது. சிகிச்சை பெறுபவரின் செய்திகள் காக்கப்படுவதை அவர்தம் உரிமையாக்கியது. 2021 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட துணைநிலை நலவாழ்வுப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம், ஆலோசகர்களையும் சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்து, கல்வித்தரம், பதிவேடு ஆகியவற்றுக்கு வழிவகுத்தது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வகுத்துள்ளது. சில நிலைகளுக்குப் பள்ளிக் கல்வியும் சிறப்புப் பயிற்சியும் போதும். சிலவற்றுக்கு முதுகலைப் பட்டம் தேவை. எனினும் கல்வி, மூத்தவர் மேற்பார்வையில் பணிப்பயிற்சி, தேர்வு, அறநெறி உறுதி ஆகியவை பெரும்பாலும் எங்கும் வேண்டப்படுகின்றன.

பட்டறிவும் படிப்பறிவும்

1935 இல் அமெரிக்காவில் தோன்றிய ‘பெயர் கூறாக் குடிநோயாளர்’ இயக்கத்தில், மீண்டவரே மீளத் துடிப்பவருக்குக் கைகொடுக்கிறார். பரிசில் பெற்றவன் வழிகாட்டும் ஆற்றுப்படையின் இயல்பும் இதுவே. ஆயினும், ஒருவர் மீண்ட வழியே அனைவருக்கும் பொருந்தாது. பிறர் வழியையும் அறியச் செய்வது கல்வி. கேட்டதை வெளியிடாமல் காக்கச் செய்வது அறம். பட்டறிவோடு இவ்விரண்டும் சேரும்போதே ஆற்றுப்படுத்தல் முழுமை பெறுகிறது.

2019 இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேருள் ஒருவரே ஏதேனும் ஓர் உதவியைப் பெற்றுள்ளார். எஞ்சிய 37 பேரின் வீடுகளும் வழிகாட்டுவோருக்காகக் காத்திருக்கின்றன. அவ்வீடுகளுள் சில, மீமிசல் போன்ற ஊர்களிலும் இருக்கலாம்; அவற்றின் கதவைத் தட்டப்போகும் ஆற்றுப்படுத்துநர் இன்று ஏதோ ஒரு பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

போதைப்பழக்கத்திலிருந்து மீள வழிகாட்டல் பெற, 14446 என்னும் தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. ஆற்றுப்படை நூல்களில் வழிகாட்டுபவரையும் இன்றைய ஆற்றுப்படுத்துநரையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘நல்லெண்ணம் மட்டும் இருந்தால் ஆற்றுப்படுத்துநர் ஆகலாம்’ – இக்கூற்று குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.