கதையோடு ஒரு குட்டிச் சிலை: வேலூர்க் கோட்டை, 1806

பிளெண்டர் மென்பொருளில் ஒரு மனித உருவத்தைச் செய்வது எப்படி என்று கேட்டு நண்பர்கள் பலமுறை செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சும்மா ஓர் உருவம் செய்வதைவிட, ஒரு தேவைக்காகச் செய்தால் மென்பொருள் சீக்கிரம் கைவரும். எனக்குக் கிடைத்த தேவை ஒரு விளையாட்டு. அதையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974 ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். குட்டிப் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. அதனால்தான் இன்றும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குட்டிச் சிலை வைப்பார்கள். உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர்.

நான் ஆம்பூர்க்காரன். இன்ஜினியரிங் முடித்து ஆறு ஆண்டுகளாக பெங்களூரில் மென்பொருள் வேலை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் கல்லூரி நண்பர்களோடு ஆட்டம். டிராகன்களை வெட்டி அலுத்துப்போன ஒரு நாள், கதை நடத்தும் நண்பன், "எதிரே கோட்டை இருக்கு. அதுக்குள்ளேயே ஆடலாமே" என்றான். வேலூர்க் கோட்டை, 1806 ஜூலை. அவரவர் பாத்திரத்தை எழுதி, சிலையும் செய்துகொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் கதை, பிறகு உருவம்

நேராக பிளெண்டரைத் திறந்துவிடாதீர்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஒரு பக்கம் எடுத்து இரண்டு கட்டம் உள்ள டேபிள் ஒன்றைச் செருகுங்கள். இடது கட்டத்துக்கு 'நடந்தது', வலது கட்டத்துக்கு 'என் கற்பனை' என்று தலைப்பு கொடுங்கள். சரித்திரக் கதை என்றால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடவே கூடாது.

என் இடது கட்டத்தில் இருந்தவை இவை. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைமை, சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகையை உத்தரவிட்டது. பார்வைக்குத் தொப்பி போலிருந்த அதில் தோலால் செய்த ஒரு சின்னம் இருந்தது. அடுத்து வந்த விதிகள் நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது என்றன. பசுத்தோல், பன்றித்தோல் என்ற பேச்சு பரவ, இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே கசந்தார்கள். 1806 மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளம் அந்தத் தலைப்பாகையை அணிய மறுத்தது. இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவரைப் பைத்தியம் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். ஜூலை 10 அதிகாலை சுமார் 2 மணிக்குச் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்பு குடும்பத்தின் புலிக்கொடி ஏறியது. சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர, காலையிலேயே எல்லாம் முடிந்தது. செத்த சிப்பாய்கள் பல நூறு. அதன் பிறகு தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1807 ல் ஆளுநர் பென்டிங்கையும் படைத்தலைவர் கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

விளையாட்டுக்கு இதைவிடத் தோதான கதை இருக்காது. இடம் ஒன்று, சுற்றிலும் அகழி, நேரம் ஏழெட்டு மணி.

நண்பர்கள் மூவரும் சிப்பாய்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் ஹவில்தார். நானும் சிப்பாய் என்றுதான் தொடங்கினேன். அப்பா டேனரியில் இருந்தவர். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பகுதி தைப்பவர். என் கல்லூரிக் கட்டணம் முழுவதும் தோலிலிருந்து வந்த பணம். அப்படிப்பட்ட நான், "தோலைத் தலையில் வைக்கமாட்டேன்" என்று வசனம் பேச வேண்டும். எழுத எழுத எங்கோ இடித்தது. அதே சிப்பாய் தோளில் குறுக்கே மாட்டியது தோல் பட்டை. தோட்டா வைத்திருந்தது தோல் பையில். காலில் போட்டது தோல் செருப்பு. இடுப்புக்கும் காலுக்கும் ஆகிற தோல் தலைக்கு ஆகாது. சிப்பாயின் கோபம் பொய் இல்லை, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கேட்காமல் திணித்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அந்தச் சின்னத்தை வெட்டித் தைக்க ஒரு கை இருந்திருக்குமே, அது யாருடையது?

அங்கிருந்துதான் முனியன் வந்தான். வலது கட்டம், முழுக்க முழுக்கக் கற்பனை. பாலாற்றங்கரை ஊரிலிருந்து வந்து கோட்டைப் பட்டாளத்துக்குப் பட்டையும் பையும் தைப்பவன். புதுச் சின்னத்தையும் அவன்தான் வெட்டினான். அது பசுவும் இல்லை, பன்றியும் இல்லை, வெறும் ஆட்டுத்தோல். கோட்டை முழுவதும் எந்தத் தோல் என்று கொதிக்கிறது. உறுதியாகத் தெரிந்தவன் ஒருவனே. அவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பின்கதை எழுதும்போது இதைக் கவனியுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு, பாத்திரத்துக்கு இரண்டு குணங்கள், ஓர் இலட்சியம், ஒரு பந்தம், ஒரு குறை எழுதச் சொல்லும். பயிற்சிக்கு நல்லது. ஆனால் தாத்தா காலத்திலிருந்து பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போனால் மேசையில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம், அதைச் சொன்னால் அவனுக்கு என்ன ஆகும் என்ற பயம். இந்த இரண்டும் இருந்தால் ஆள் நடக்க ஆரம்பித்துவிடுவான். சிறையில் கிடக்கும் முஸ்தபா பேக்கை முனியன் மறக்க முடியாது அல்லவா!

பிளெண்டரில்

பிளெண்டர் இலவச மென்பொருள். சாதாரண வீட்டுக் கணினியிலும் இந்த அளவு வேலை ஓடும். மனித உருவத்தைக் களிமண்போல் பிசைந்து செய்ய எனக்குக் கை வராது. எனவே எம்பிஎஃப்பி என்ற இலவச ஆட்-ஆனை நிறுவிக்கொண்டேன். மேக்ஹியூமன் குழுவினருடையது. வயது, உயரம், உடல்வாகு ஆகியவற்றைக் கொடுத்தால் ஆயத்த உருவம் தரும். கூடவே எலும்புக்கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ் மோடுக்குப் போய், எலும்பைத் தேர்ந்தெடுத்து, ஆர் விசையை அழுத்தித் திருப்பினால் கை கால் மடங்கும். நிலை பிடித்ததும் உருவத்தைத் தேர்ந்தெடுத்து ஆப்ஜெக்ட் மெனுவில் கன்வர்ட், மெஷ் என்று கொடுத்து உறையவைத்துவிடுங்கள். அதற்கு முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். நான் சேமிக்காமல் ஒரு மாலையை இழந்தேன்.

அடுத்தது அளவு. பிளெண்டரின் ஓர் அலகை ஒரு மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். என் உருவம் 1.68 அலகு உயரம் இருந்தது. 28 ஐ 1.68 ஆல் வகுத்தால் 16.67. எஸ் விசையை அழுத்தி அந்த எண்ணை அடித்தால் போதும். அதாவது உண்மை மனிதனில் அறுபதில் ஒரு பங்கு.

இந்த அறுபதுதான் பலரையும் கவிழ்க்கும். அச்சு இயந்திரத்தின் மூக்குத் துவாரம் வழக்கமாக 0.4 மில்லிமீட்டர். அதைவிட மெல்லியது எதுவும் அச்சில் வராது. என் நண்பனின் சிப்பாய்த் துப்பாக்கியின் குழல் 2 சென்டிமீட்டர் கனம் என்றால், அறுபதால் வகுத்தால் 0.33. கணினியில் அழகாகத் தெரிந்தது, அச்சில் குச்சிகூட வரவில்லை. 1 மில்லிமீட்டராகத் தடிக்க வைத்த பிறகுதான் நின்றது. என் முனியன் கையிலுள்ள சின்னம் 5 சென்டிமீட்டர் என்று வைத்தாலும் 0.83 தான். அதையும் 2 மில்லிமீட்டர் ஆக்கினேன். சிலை உலகில் இது பொய்யாகாது. கண்ணுக்குத் தெரிய வேண்டியதைப் பெரிதாக்குவது அங்கே வழக்கம்.

முன்கட்டிய தோலுக்கு ஒரு தட்டையான பிளேன், தலைப்பாகைக்கு உருட்டிய கர்வ். எல்லாவற்றையும் மெஷ் ஆக்கி, கண்ட்ரோல் ஜே கொடுத்து ஒன்றாக்கி, ரீமெஷ் மாடிஃபையரில் வாக்ஸல், 0.1 என்று கொடுத்தால் ஓட்டையில்லாத ஒரே உடலாகும். பிளேன் போன்ற தட்டைப் பொருளுக்கு முதலில் சாலிடிஃபை கொடுத்துக் கனம் சேர்க்க மறக்காதீர்கள். பிறகு ஃபைல், எக்ஸ்போர்ட், எஸ்டிஎல்.

முதல் முனியனைச் சம்மணமிட்டு உட்காரவைத்திருந்தேன். தோல் தைப்பவன் என்றால் அப்படித்தானே மனதில் வருகிறது. உட்கார்ந்த உருவம் அச்சிலும் சுலபம், தொங்கும் கைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. உயரம் 15 மில்லிமீட்டர். அச்சடித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நண்பனின் சிப்பாய் பக்கத்தில் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா, இவன் மட்டும் குந்திக்கினு இருக்கான்?"

"செருப்பு, பை எல்லாம் தைக்கிறவன்மா."

"தைச்சு முடிச்சா எழுந்திரிக்க மாட்டானா? உங்கப்பா நாள் பூரா நின்னுக்கினுதான தோல் சீவினாரு."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜூலை 9 இரவு, விஷயம் தெரிந்த ஒருவன், உட்கார்ந்து தைத்துக்கொண்டா இருப்பான்? மறுபடி பழைய பிரதியைத் திறந்து (இந்த முறை சேமித்திருந்தேன்) எழுப்பி நிற்க வைத்தேன். 28 மில்லிமீட்டர். இடது கையில் சின்னம், நீட்டியும் நீட்டாமலும்.

வண்ணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஆம்பூரில் வளர்ந்த கண்ணுக்குச் சாயமேற்றாத தோல் என்றாலே வெட் ப்ளூவின் வெளிர்நீலம்தான். அது குரோமியம் போட்டுப் பதனிடுவதால் வரும் நிறம். குரோம் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1884 ல்தான். முனியன் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும். எனவே அவன் கையில் இருப்பது பழுப்பு. முதலில் கறுப்பு பிரைமர், காய்ந்ததும் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கை மெல்லிய இரண்டு பூச்சு. அடிப்பலகையில் அம்மா கொண்டுவந்த ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டை ஒட்டினேன், ஓரத்தை அவரே சீவிக் கொடுத்தார்.

அச்சு இயந்திரம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் உருவத்தை வரைந்து, கண்ணாடிப் பிம்பமாக ஒரு நகலும் எடுத்து, 250 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிட்டு மடித்து ஒட்டினால் நிற்கும் காகிதச் சிலை ரெடி. செலவு பத்து ரூபாய்க்குள். மேசையில் அதற்கும் இதே மரியாதைதான்.

மூன்றாவது ஆட்டத்தில்தான் ஹவில்தாராக ஆடிய நண்பன் முனியனைத் திரும்பிப் பார்த்து, "இது என்ன தோல்?" என்று கேட்டான். சிலையை நகர்த்தி அவன் சிப்பாய்க்கு எதிரே வைத்து, "ஆட்டுத்தோல்ங்க. நான்தான் வெட்டினேன்" என்றேன். நம்புகிறார்களா என்று பார்க்க இருபது முகப் பகடையை உருட்டச் சொன்னார்கள். 12 தேவைப்பட்டது, 3 விழுந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைகள் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம் பாக்கி. அடுத்த ஆட்டம் பொங்கலுக்குப் பிறகு.