சாலை போடும் முன் கணினியில் ஒரு சாலை

ஜவ்வாது மலையிலிருந்து சாமை, புளி, தேன் இறங்குவதும், நாம் அனுப்பும் மளிகைச் சரக்கு ஜமுனாமரத்தூருக்கு ஏறுவதும் போளூர், ஆலங்காயம் மலைச்சாலைகளை நம்பித்தான். மழையில் ஒரு சிறுபாலம் அடித்துப் போனால் லோடு நிற்கும், வாடகை ஏறும். ஆகவே சாலை எப்படித் திட்டமிடப்படுகிறது என்பதை வணிகர்களாகிய நாமும் அறிவது நல்லது.

'பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்', சுருக்கமாக பி.ஐ.எம். என்பது, சாலையை முழு உருவமாகக் கணினியில் முதலில் அமைத்துப் பார்க்கும் முறை. நிலத்தின் ஏற்ற இறக்கம், வடிகால், சிறுபாலம், தடுப்புச்சுவர் ஆகியவற்றின் அளவும் செலவும் அதில் இருக்கும். கொண்டை ஊசி வளைவைச் சற்று அகலமாக்கினால், வெட்டவேண்டிய மண்ணின் கணக்கும் கூடவே மாறும். நம் கடைக் கணினியில் பில் போட்டதும் இருப்பு தானே குறைகிறதே, அதுபோல. பொறியாளர், ஒப்பந்தக்காரர், அலுவலகம் மூவருக்கும் ஒரே பேரேடு.

பிரிட்டன் தன் மத்திய அரசுக் கட்டுமானப் பணிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் இதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 2021 அக்டோபர் 13-ல் தொடங்கிய பிரதமர் கதிசக்தி திட்டம், பல துறைகளின் பணிகளை ஒரே கணினி வரைபடத்தில் சேர்த்தது. இது பி.ஐ.எம். ஆகாது; அதற்குப் பங்காளி எனலாம்.

ஆனால் பதிவு தவறினால் பேரேடும் தவறும். அளவெடுப்பு கோடையில் நடந்தால், ஐப்பசியில் ஓடை எங்கே குறுக்கிடும் என்பது கணினிக்குத் தெரியாது. மலைவாசிகளுக்கும் நம் லாரி ஓட்டுநர்களுக்கும் தெரியும். எனவே பணி தொடங்கும் முன்பே,

1. தண்ணீர் சாலையைக் கடக்கும் இடங்கள்,
2. லாரி திரும்ப முடியாத வளைவுகள்,
3. சரக்கு இறக்கும் இடங்கள்

இவற்றைப் படத்துடன் எழுதி, சங்கத்தின் மூலம் நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுப்போம். கணினியில் ஒரு கோட்டைத் திருத்தச் செலவு சொற்பம். கான்கிரீட் போட்டபின் திருத்தினால் அந்தச் செலவு நம் வரிப்பணம்.