வாத்துக்குத் திடீரென்று முடியாமல் போனால்...

நாய்க்கு முடியவில்லை என்றால் அதன் முகமே சொல்லிவிடும். வாத்து கடைசிவரை காட்டிக்கொள்ளாது. காலையில் தவிட்டுக்கு முண்டியடித்தது, சாயங்காலம் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பார்ப்போம்.

1. மற்றவை தண்ணீருக்கு ஓடும்போது ஒன்று மட்டும் பின்தங்குகிறதா? மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா? இறகு தண்ணீரில் ஊறிச் சொதசொதக்கிறதா? அன்றைக்கே கவனியுங்கள். ஆண் வாத்தின் குரல் மட்டும் எப்போதுமே தொண்டை கட்டியது போலத்தான் இருக்கும். அதற்காகப் பதற வேண்டாம்.

2. முதல் வேலை, தனியே பிரிப்பது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். மேய்ச்சல்காரர்கள் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அது அவர்கள் கைப்பழக்கம். நாம் இறக்கையைச் சேர்த்து அடக்கி, அடிவயிற்றுக்குக் கை கொடுத்துத் தூக்குவதே நல்லது. காலைப் பிடித்துத் தூக்கினால் கால் பிசகிவிடும். நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் வாத்துக்குக் கிடையாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் அதற்கு மூச்சு. பாசத்தில் இறுக்கி அணைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

3. வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள். எங்கள் அப்பாயி ஒருமுறை சோர்ந்து கிடந்த வாத்துக்கு ஓமத் தண்ணீரைச் சங்கால் புகட்டினார். அது மடியிலேயே செத்தது. வந்த நோயைவிட அந்தச் சங்குதான் அதைக் கொன்றிருக்கும் என்று பிற்பாடுதான் புரிந்தது. வாத்தின் மூச்சுக்குழல் வாய், நாக்கின் அடியை ஒட்டியே திறந்திருக்கிறது; ஊற்றுவது நேரே நுரையீரலுக்குப் போகலாம். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து, கிண்ணத்தில் முன்னால் வையுங்கள். குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அது தானே விழுங்குகிறதா என்று பாருங்கள். கைக்கணக்கில் உப்பு போடுவது கூடாது. வாத்துக்கு உப்பே விஷமாகலாம்.

4. வாத்துதானே என்று தொட்டியில் விடாதீர்கள். தளர்ந்த வாத்து முழங்கால் ஆழத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். ஈரத்தைத் துடைத்து, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு போடுங்கள். சூடு கூடினால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும்.

5. தொட்டால் கொதிக்கிறதே என்று காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. வாத்தின் இயல்பான உடல்வெப்பமே 41-42 டிகிரி செல்சியஸ்.

6. கோடை மதியத்தில் வாயைப் பிளந்து இளைத்தால் பல்பு ஆகாது. நிழலுக்குக் கொண்டுபோய்க் கால்களைச் சாதாரணத் தண்ணீரில் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

7. நாய், பூனை கவ்வியிருந்தால் இறகை விலக்கிப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டு ரத்தம்தான் தெரியும், உள்ளே ஆழமான பல்தடம் இருக்கும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நகம் முறிந்த காயத்துக்கு மஞ்சள்தூள் போதும். பல் பதிந்த குழிக்குள் அதைத் திணிக்கக் கூடாது. பூனைக்கடி என்றால் அன்றே மருத்துவர். காயத்தில் ஈ மொய்க்க விட்டால் மறுநாளே புழு வைத்துவிடும்.

8. பெட்டை முக்கி முக்கிச் சோர்ந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில், தலை வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, இருபது நிமிடம் உட்காரவையுங்கள். விரலை விடுவதோ வயிற்றை அமுக்குவதோ வேண்டாம். உள்ளேயே முட்டை உடைந்தால் நிலைமை இன்னும் மோசம்.

9. கால் விழுந்து, பிறகு கழுத்தும் துவண்டால் குட்டையைச் சந்தேகப்படுங்கள். கோடையில் வற்றிய குட்டையில் மீனோ எலியோ செத்து அழுகினால் அதில் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உண்டாகும். அந்தப் பிணத்தில் நெளியும் புழுவைத் தின்றாலே போதும். மிச்சமுள்ள வாத்துகளை உடனே அங்கிருந்து ஓட்டிவிடுங்கள். தீவனத்தையும் முகர்ந்து பாருங்கள். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்துக்குஞ்சு தாங்காது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகளும் வாத்துக்குஞ்சுகளும் கூட்டமாகச் செத்தபோதுதான் பிண்ணாக்குப் பூசணத்தின் அஃப்லாடாக்சின் நஞ்சே தெரியவந்தது. "காயவைத்தால் சரியாகிவிடும்" என்பார்கள். ஆகாது, கொட்டிவிடுங்கள்.

10. வீட்டில் ஒயரிங் வேலையோ தச்சு வேலையோ நடந்ததா? பளபளப்பான கம்பித்துண்டையும் ஆணியையும் வாத்து விழுங்கிவிடும். மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

11. ஒன்றுக்கு மேல் செத்தால் கைவைத்தியத்தை நிறுத்துங்கள். வாத்து பிளேக்காக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளைச் சூறையாடியது பறவைக் காய்ச்சல்தான். வெறுங்கையால் தொடாதீர்கள். "வீணாகப் போகிறதே" என்று அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

12. ஆடு மாடு பார்க்கும் எல்லா மருத்துவரும் வாத்து பார்ப்பதில்லை. நல்லபடி இருக்கும்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள். போகும்போது எச்சத்தைச் செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது முட்டையிட்டது, என்ன தின்றது என்று கேட்பார். ஆன்டிபயாடிக் கொடுத்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதை நீங்கள் கேளுங்கள்.