பயனாளி கூடினால் ஏழை கூடியதாக அர்த்தமா?

கேள்வி: மகளிர் உரிமைத் தொகை வாங்குவோர் 1 கோடியே 30 லட்சம் ஆகிவிட்டார்கள் என்று படித்தேன். தமிழ்நாட்டில் வறுமை நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்றும் படித்தேன். இரண்டில் எது பொய்? எங்கள் தெருவில் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் வீட்டுக்கு மாதம் ஆயிரம் வருகிறது. கூட்டுக் குடும்பத்தில் கிடந்து அல்லாடும் என் தங்கையின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். வசதி பார்த்துக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் கண்துடைப்பா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: இரண்டுமே பொய்யில்லை அம்மா. இரண்டும் வெவ்வேறு சங்கதியை எண்ணுகின்றன.

அந்த ‘நூற்றுக்கு இரண்டு’ நிதி ஆயோக்கின் பலபரிமாண வறுமைக் குறியீட்டிலிருந்து வருவது. 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 4.76 விழுக்காடாக இருந்தது, 2019-21ல் 2.2 ஆனது. உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று அது கேட்பதே இல்லை. கழிப்பறை இருக்கிறதா, எரிவாயு அடுப்பா விறகடுப்பா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, வங்கிக் கணக்கு உண்டா என்று 12 விஷயங்களைப் பார்க்கிறது. இதெல்லாம் இருந்தும் மாதக் கடைசியில் அடகுக் கடை வாசலில் நிற்கிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை! அவை அந்த இரண்டு விழுக்காட்டுக்குள் வரமாட்டா.

உரிமைத் தொகையின் கோடு அதைவிட வெகு உயரத்தில் போடப்பட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள், அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர், சொந்தக் கார் வைத்திருப்போர் கிடையாது. மாநிலத்தில் இரண்டு கோடிக்கு மேல் ரேஷன் அட்டைகள் இருக்கின்றன. ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்பது விதி. ஆகவே 1 கோடியே 30 லட்சம் என்றால் பாதி அட்டைகளுக்கும் மேல். பரம ஏழையை மட்டும் தேடிப் பிடிக்கும் திட்டமாக இதை யாரும் வகுக்கவில்லை. வீட்டில் கூலியில்லாமல் உழைக்கும் பெண்களுக்கான தொகை என்றுதான் அரசே சொன்னது. வசதியானவர்களைக் கழித்துவிட்டு மிச்சமுள்ளவர்களுக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

இந்த எண்ணிக்கை ஏறிய வழியைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1 கோடியே 63 லட்சம் மனுக்களில் சுமார் 1 கோடியே 6 லட்சம் ஏற்கப்பட்டன. தள்ளப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்ததில் அந்த நவம்பரிலேயே ஏழு லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள். 2025ல் விதிகள் தளர்ந்தன. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பம், முதியோர் ஓய்வூதியம் வரும் வீட்டிலுள்ள மற்றொரு பெண் போன்றவர்களுக்கும் கதவு திறந்தது. மறுபடி மனு வாங்கினார்கள். டிசம்பரில் சுமார் 17 லட்சம் பேர் கூடினார்கள். இந்த இரண்டே கால் ஆண்டில் தமிழ்நாட்டில் 24 லட்சம் குடும்பங்கள் புதிதாக ஏழையாகிவிடவில்லை. தேர்தல் நெருங்கியதும் ஒரு காரணம்தான். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

தேர்தல் முடிந்தால் எண்ணிக்கை இறங்கவும் செய்யும். மகாராஷ்டிரத்தில் 2024 நடுவில் ‘லாட்கி பஹின்’ திட்டம் வந்தது, மாதம் 1,500 ரூபாய். அங்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சம்தான். நவம்பரில் தேர்தல். அதற்குமுன் மனுக்களை மளமளவென்று ஏற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டு சல்லடை போட்டதில் 26 லட்சம் பேருக்கு மேல் பணம் நிறுத்தப்பட்டது. ஆண்கள் சிலர் வாங்கிவந்ததும் வெளிவந்தது. இதைப் பார்த்து மகாராஷ்டிரத்தில் 26 லட்சம் பெண்கள் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்று யாராவது எழுதினால் சிரிக்கமாட்டீர்களா? ஏறும்போது மட்டும் ஏன் ‘நாடு ஏழையாகிறது’, ‘மக்கள் சோம்பேறியாகிறார்கள்’ என்று நம்புகிறோம்?

எண்ணிக்கை விதியைப் பொறுத்தது என்பதை நன்றாகக் காட்டும் நாடு அமெரிக்கா. அங்கே இரண்டு திட்டங்கள். குழந்தை உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவியை 1994ல் உச்சமாக 1 கோடியே 42 லட்சம் பேர் வாங்கினார்கள். 1996ல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டது. மத்தியப் பணத்தில் ஆயுளில் ஐந்து ஆண்டுக்கு மேல் கிடையாது, வேலைக்குப் போயாக வேண்டும், மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஒரே அளவு நிதி. 2000க்குள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. அப்போது அங்கே வேலைவாய்ப்பும் நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2008 நெருக்கடியில் வறுமை 12.5 விழுக்காட்டிலிருந்து 15க்கு மேல் ஏறியபோது இந்தத் திட்டத்தின் எண்ணிக்கை பேருக்குத்தான் அசைந்தது. அதே காலத்தில் உணவு உதவித் திட்டம் 2 கோடியே 63 லட்சத்திலிருந்து 2013ல் 4 கோடியே 76 லட்சத்துக்குப் பாய்ந்தது. அதில் தகுதியுள்ள எவர் வந்தாலும் கொடுத்தாக வேண்டும், உதவித் தொகைச் செலவு மத்திய அரசுடையது. பிறகு வேலை பெருகப் பெருக 2019ல் 3 கோடியே 57 லட்சமாக இறங்கியது. ஒன்று ஜனங்களின் கஷ்டத்தோடு ஏறி இறங்குகிறது, மற்றொன்று கஜானாக்காரர் சொன்ன இடத்தில் நிற்கிறது.

நம்மிடமும் அப்படி நிற்கிற ஒன்று உண்டு: மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம். நாடு முழுவதற்கும் சுமார் 2 கோடியே 21 லட்சம் பேர் என்று உச்சவரம்பு. அது 2001 மக்கள்தொகையையும் 2004-05 வறுமை விகிதத்தையும் வைத்துப் போட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயது தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். கிழவர்கள் கூடுகிறார்கள், பட்டியல் கூடவில்லை. 80 வயதுக்குக் கீழே மத்தியப் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான். தமிழ்நாட்டில் 1,200 ரூபாயாகக் கைக்கு வருவது மாநிலம் மேலே போட்டுக் கொடுப்பதால். பயனாளி பெருகுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், பெருக வேண்டிய இடத்தில் பெருகாததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

இனி உங்கள் தெரு. சம்பளச் சீட்டு வாங்குகிறவரின் வருமானத்தை அரசு ஒரு நொடியில் பார்த்துவிடும். தறிக்காரர், சித்தாள், டீக்கடைக்காரர் வருமானத்தை எந்த அதிகாரி பார்ப்பது? அதனால்தான் மின் மீட்டர், பட்டா, கார் என்று சுற்றி வளைத்துப் போகிறார்கள். மாடி வீட்டுக்காரர் ரொக்கமாக வாங்கும் வாடகை எந்தக் கணினியிலும் இல்லை. குடியிருப்போருக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால் அவர் வீட்டு மீட்டர் மெதுவாகத்தான் ஓடும்.

உங்கள் தங்கை வீட்டில் எதிர்மாறு. அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே கூரையில், ஒரே இணைப்பில் இருந்தால் மூன்று டிவி, இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு போர் மோட்டார் எல்லாம் ஒரே எண்ணில் பதிவாகும். 3,600 யூனிட் என்பது இரண்டு மாத பில்லுக்கு 600. கோடையில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆளுக்கு வகுத்தால் கொஞ்சம்தான் வரும், ஆனால் மீட்டருக்கு வகுக்கத் தெரியாது. இதைக் கண்துடைப்பு என்று நான் சொல்லமாட்டேன். கையில் கிடைத்த அளவுகோலால் அளக்கிறார்கள், கூட்டுக் குடும்பத்துக்கு அது கோணலாக அளக்கிறது. தனிக் குடும்பம் ஆகிவிட்டால் லாபம் என்று ஜனங்கள் புரிந்துகொண்டதால்தான் திட்டம் வந்த கையோடு புது ரேஷன் அட்டை கேட்டு மனுக்கள் குவிந்தன.

மின்சாரம்தான் காரணமா என்பது என் ஊகம். முதலில் அதை உறுதி செய்யுங்கள். தள்ளுபடிக் காரணம் குறுஞ்செய்தியில் வந்திருக்கும். இல்லையென்றால் தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, எந்த விதிப்படி எந்த ஆவணத்தைப் பார்த்துத் தள்ளினார்கள் என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மீட்டர்தான் என்று வந்தால், அந்த இணைப்பில் எத்தனை ரேஷன் அட்டைக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அட்டை நகல்களோடு எழுதி, கோட்டாட்சியருக்கு மனுப் போடச் சொல்லுங்கள். மூன்று குடும்பத்தின் நகலும் ஒரே மனுவில் இருக்கட்டும்.