சட்டைப்பையில் அடங்கும் டார்ச் விளக்கு: உழவர்களுக்கு ஏற்றது எது?

இரவு மோட்டார் போட வேண்டும். மடை திருப்ப வேண்டும். அறுத்த கதிருக்குக் காவல் இருக்க வேண்டும். "பழகின வரப்புதானே" என்று வெறுங்கையோடு கிளம்பும் உழவர்கள் இன்றும் பலர். வீட்டில் டார்ச் விளக்கு இல்லாமல் இல்லை. பெரிய விளக்கு சுமையாக இருப்பதால் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்; அல்லது அவசரத்துக்கு எடுத்துப் பார்த்தால் கட்டை தீர்ந்து போயிருக்கும்.

இந்தச் சிறு கவனக்குறைவுக்குக் கொடுக்கும் விலை பெரிது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் சுமார் 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் பெரும்பாலோர் கிராமத்து மக்களே. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. கண்ணாடி விரியனோ சருகோடு சருகாகக் கிடக்கும். ஆடு, மாடு, நரி ஆகியவற்றின் கண்கள் வெளிச்சம் பட்டால் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். பாம்பின் கண் அப்படி மின்னாது. ஆகவே காலடித் தரை முழுவதும் தெரிந்தால்தான் பாம்பு தெரியும்.

எனவே டார்ச் விளக்கு வாங்கும்போது "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்று மட்டும் கேட்பது போதாது. "எப்போதும் என்னுடன் இருக்குமா? வேலை முடியும் வரை எரியுமா?" என்ற இரண்டு கேள்விகளே முதன்மையானவை.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

விளக்கு வெளியிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அளவால் குறிப்பார்கள். வரப்பில் நடப்பதற்கு 30 முதல் 100 லூமென் வரை போதுமானது. 1,000 லூமென் என்று அட்டையில் அச்சிட்ட விளக்கு கண்ணைப் பறிக்கும். ஆனால் சிறிய விளக்குகளில் அந்த ஒளி சில நிமிடங்களே நிற்கும். பிறகு சூடு தாங்காமல் ஒளி தானே குறைந்துவிடும்.

ஒளியின் பரப்பும் முக்கியம். ஊசி போல் நீளப் பாயும் ஒளி தென்னை உச்சியைப் பார்க்க உதவும். ஆனால் வரப்பின் இரு ஓரங்களையும் இருட்டில் விட்டுவிடும். நடப்பதற்கு அகன்று பரவும் ஒளியே நல்லது. நீலம் கலந்த வெள்ளையைவிட, 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள் கலந்த வெள்ளையில் மண், சருகு, பாம்பு ஆகியவற்றின் நிற வேறுபாடு பலருக்கு எளிதாகப் புலப்படும்.

ஐந்து வகைகள்: ஓர் ஒப்பீடு

1. பேனா விளக்கு: டி.வி. ரிமோட்டுக்குப் போடும் சிறு மின்கலத்தில் (ஏஏஏ) எரிவது. சட்டைப்பையில் பேனா போல் செருகிக்கொள்ளலாம். ஆனால் மின்கலத்தின் கொள்ளளவு குறைவு. தொழுவத்துக்குப் போய் வர ஏற்றது. இரவு முழுதும் நீர் பாய்ச்ச ஏற்றதன்று.

2. பென்சில் மின்கல விளக்கு: சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மின்கலத்தில் (ஏஏ) எரிவது. ஆள்காட்டி விரல் நீளமே இருக்கும். மின்கலம் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பது இதன் பெருஞ்சிறப்பு. மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை மின்கலத்தையும் போடலாம்.

3. லித்தியம் மின்கல விளக்கு: பெரும்பாலும் 18650 என்ற எண்ணுள்ள மின்கலத்தில் எரிவது. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதையே அந்த எண் குறிக்கிறது. மின்கலம் மட்டும் 45 கிராமுக்கு மேல் இருக்கும். சட்டைப்பையில் சற்றுக் கனம் தெரியும். ஆனால் நீண்ட நேரம் எரியும்.

4. சுவரில் செருகி மின்னேற்றும் பிளாஸ்டிக் விளக்கு: விலை மலிவு. இவற்றுள் பலவற்றில் சிறிய ஈய-அமில மின்கலம் இருக்கும். முழுதும் தீர்ந்த நிலையில் சில வாரங்கள் கிடந்தால் இம்மின்கலம் கெட்டுவிடும். அன்றாடம் எடுத்து, அன்றாடம் மின்னேற்றுகிறவருக்கே இது உதவும். மழைநீர் தாங்காது.

5. கைபேசி விளக்கு: ஒளி நன்றாகவே பரவும். ஆனால் மடை திருப்பக் குனியும்போது கைபேசி நீரில் விழலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விளக்குக்காக மின்சாரம் தீர்ந்துவிட்டால், ஆபத்து நேரத்தில் 108-ஐ அழைக்க வழியில்லை. ஆகவே இதைக் கடைசித் துணையாகவே கொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம் எரியும்?

இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரளவு நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும். ஆகவே 50 லூமெனில் எரிய அரை வாட் வேண்டும். மின்கலத்தின் கொள்ளளவை (ஆம்பியர்-மணி) மின்னழுத்தத்தால் (வோல்ட்) பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

ஏஏஏ நிக்கல் மின்கலம்: 0.75 × 1.2 = 0.9 வாட்-மணி; 50 லூமெனில் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஏஏ நிக்கல் மின்கலம்: 2 × 1.2 = 2.4 வாட்-மணி, சுமார் நாலே முக்கால் மணி நேரம்.

18650 லித்தியம் மின்கலம்: 3 × 3.6 = 10.8 வாட்-மணி, சுமார் இருபத்தொன்றரை மணி நேரம்.

நடைமுறையில் இதிலிருந்து ஓரளவு குறையும். இருப்பினும் எந்த வேலைக்கு எந்த விளக்கு என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

* அட்டையில் 100 மீட்டர் தூரம் என்றிருந்தால், 100 மீட்டரில் பொருள் தெளிவாகத் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம். தர அளவுமுறையின்படி, முழுநிலவு அளவுக்கு ஒளி விழும் தூரமே அது.

* எரியும் நேரம் என்று அட்டையில் குறிப்பது, தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம். ஆகவே உயர் ஒளிக்குரிய நேரத்தை விட்டு, குறைந்த ஒளிக்குரிய நேரத்தைப் பாருங்கள்.

* ஐ.பி.எக்ஸ். 4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். நீர் பாய்ச்சுகிறவர் பின்னதையே வாங்க வேண்டும்.

* 18650 மின்கலத்தில் 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். நல்ல மின்கலங்கள் பெரும்பாலும் 2,000 முதல் 3,500 வரையே இருக்கும். கையில் எடுத்தால் பஞ்சு போல் கனமற்றிருப்பது போலியாக இருக்கலாம்.

* ஈரக்கையால், இருட்டில் தடவிப் பார்த்து, ஒரே அழுத்தில் எரிய வேண்டும். மின்னி மின்னி எரியும் நிலைகளைக் கடந்தே சாதாரண ஒளி வரும் விளக்கைத் தவிர்க்கவும்.

பராமரிப்பு

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். மின்கலத்தை முழுதும் மின்னேற்றி, மாலை 6 மணிக்குக் குறைந்த ஒளியில் எரியவிட்டு, எப்போது மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் விளக்கின் உண்மையான நேரம்.

பழைய மின்கலத்தோடு புதியதைச் சேர்த்துப் போடக் கூடாது. நாள்பட எடுக்காத விளக்கிலிருந்து சாதாரணக் கட்டைகளைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையேல் கசிந்து விளக்கை அரித்துவிடும். ஆல்கலைன் கட்டை கசிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்து, நன்கு உலர்த்தலாம். லித்தியம் விளக்கை வைக்கோல் அருகிலோ, ஆள் இல்லாத மோட்டார் கொட்டகையிலோ மின்னேற்றக் கூடாது. வெயிலில் நிற்கும் டிராக்டரின் மேலும் விட்டு வைக்கக் கூடாது. ஏஏ விளக்கில் அதே அளவுள்ள 14500 என்ற லித்தியம் மின்கலத்தை, தயாரித்தவர் அனுமதித்திருந்தால் மட்டுமே போட வேண்டும். அதன் மின்னழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல்.

பயன்படுத்தும் முறை

ஒளியை இரண்டடி முன்னால் தரையில் விழச் செய்து நடக்க வேண்டும். தூரத்தை இடையிடையே நின்று பார்க்கலாம். மடைக்குள் கை விடுமுன், மோட்டார் பெட்டியைத் திறக்குமுன், செருப்பை மாட்டுமுன் ஒளி அடித்துப் பார்த்தல் வேண்டும். விளக்கு இருந்தாலும் கால்மூடிய செருப்பும் கைத்தடியும் அவசியமே. இரண்டு கையும் வேலை செய்ய வேண்டியவர்கள், விடியலுக்கு முன் மல்லிகை பறிப்போரும் குமரி மாவட்டத்தில் இரப்பர் பால் வெட்டுவோரும் அணிவது போல, நெற்றி விளக்கு அணியலாம்.

கடி பட்டுவிட்டால் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ அதிகம் இல்லாமலே இருக்கலாம். ஆகவே அலட்சியம் கூடாது.

முடிவாக, வீட்டை ஒட்டி வயல் உள்ளவர்களுக்கு ஏஏ விளக்கு ஒன்று போதும். இரவு முழுதும் நீர் பாய்ச்சுவோரும் காவல் இருப்போரும் 18650 விளக்கை வைத்துக்கொண்டு, மாற்று மின்கலம் ஒன்றையும் உடன் வைத்திருக்கலாம். எதை வாங்கினாலும் அதைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். தோளில் துண்டு போடும்போதே மடியில் விளக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வயலுக்குப் போனவர் நலமாக வீடு திரும்ப இந்தப் பழக்கம் துணை நிற்கும்.